ரத்தம் நார்மலாம், சித்தி மட்டும் நார்மல் இல்லையாம்!

பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவம் எதுக்குடான்னு கேட்கப் போறவங்களுக்கு முதல்லயே ஒரு பெரிய கும்பிடு. கணக்கு பார்க்கத் தெரிஞ்சா போதும், இந்தச் சண்டைக்கு வரலாம்.

ஜெயங்கொண்டம் பக்கம் எங்க சித்தி ஒருத்தங்க இருக்காங்க. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி யார்கிட்டயும் பேசறதை நிறுத்திட்டாங்க. தூக்கம் இல்ல, சோறு இறங்கல. ரத்தம் எடுத்துப் பார்த்தா சர்க்கரை, தைராய்டு எல்லாம் நார்மல். உடனே வீட்ல தீர்ப்பு: "உடம்புல ஒண்ணும் இல்ல, எல்லாம் கொழுப்பு."

அப்புறம் ஒரு லேப்ல, மன அழுத்தத்தையும் கண்டுபிடிச்சிடலாம்னு சொல்லி ஒரு பேக்கேஜை தலையில கட்டினாங்க. அதுல சிஆர்பி அதிகம். சித்தப்பா அந்தத் தாளை ஆட்டிக்கிட்டே வந்தார்: "பாத்தியா, நெசமாவே வியாதிதான்!" சித்திக்கு வீட்ல மரியாதை கிடைச்சது அன்னிக்குத்தான். எனக்குக் கோபம் வந்ததும் அன்னிக்குத்தான்.

விஷயம் முழுப் பொய்னு சொல்ல வரலைங்க. சிஆர்பிங்கிறது உடம்புல எங்கேயாவது அழற்சி இருந்தா கல்லீரல் ரத்தத்துல விடற ஒரு புரதம். மனச்சோர்வு உள்ளவங்களையும் இல்லாதவங்களையும் கூட்டமா வச்சுப் பார்த்தா, சோர்வு உள்ள கூட்டத்துல இதோட சராசரி கூடுதல். இன்டர்லூகின்-6ம் அப்படித்தான். அந்தக் காலத்துல ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டப்போ, ஏறத்தாழ நாலுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வந்துச்சு. நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கிளறினா மனசும் கலங்கும், அது உண்மை.

ஆனா சராசரி வேற, ஆள் வேற. ஏ செக்‌ஷன் சராசரி 62, பி செக்‌ஷன் சராசரி 58னு வைங்க. ஒருத்தன் 60 எடுத்திருக்கான். அவன் எந்த செக்‌ஷன்? சொல்லுங்க பார்ப்போம். முதல் வருஷ புள்ளியியல் பேப்பர்ல பாஸ் ஆனவனுக்குக் கூடத் தெரியும் (நான் ரெண்டாவது அட்டெம்ப்ட், அது வேற கதை).

2019ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, மனச்சோர்வு உள்ளவங்கள்ல 27 சதவீதம் பேருக்குத்தான் சிஆர்பி 3 மில்லிகிராமுக்கு மேல. மிச்சம் 73 பேர்? அவங்களுக்கெல்லாம் கொழுப்பா? சிஆர்பி ஏறணும்னா சளி போதும், சிகரெட் போதும், தொப்பை போதும்.

"அழற்சியைக் குறைச்சா சோர்வு போயிடும்"னு இன்னொரு கோஷ்டி. 2013ல அட்லாண்டாவுல எமரி பல்கலைக்கழகக்காரங்க, மாத்திரைக்கு மசியாத 60 பேரை வச்சு இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைச் சோதிச்சாங்க. மொத்தத்துல வெறும் உப்புத்தண்ணி ஏத்தினவங்களை விட பெரிசா ஒண்ணும் முன்னேற்றமில்ல. சிஆர்பி 5க்கு மேல இருந்த சிலருக்கு மட்டும் பலன் தெரிஞ்சது. யாருக்கு எந்த மருந்து ஒத்துவரும்னு தேட இது ஒருநாள் உதவலாம். வியாதி இருக்கா இல்லையான்னு சர்டிஃபிகேட் குடுக்க உதவாது. இன்னிக்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க டாக்டர் உட்கார்ந்து பேசித்தான் ஆகணும்.

கடைசியா மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர்கிட்ட போனோம். அரைமணி நேரம் கேள்வி மட்டும்தான். லேப் தாளை ஓரமா வச்சிட்டு, "வாயைத் திறங்கம்மா"ன்னார். கடவாய்ப்பல் சொத்தை, ஈறு வீங்கி சீழ். எங்க யாருக்கும் தெரியாது, சித்திதான் வாயே திறக்கலையே.

மாத்திரை ஆரம்பிச்சாங்க. பல்லையும் பிடுங்கினாங்க. பத்து நாள் கழிச்சு சித்தப்பா யாரையும் கேட்காம மறுபடி ரத்தம் குடுக்க வச்சு, சிஆர்பி நார்மல்னு தாளோட வந்தார்.

"சரியாயிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா?"

சித்தி அன்னிக்கு ராத்திரியும் விடிய விடிய திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தாங்க.