கயிற்றை இழுக்கும் கை



படிப்பை முடித்தவர்களும் படித்துக்கொண்டே பகுதி நேரமாக உழைப்பவர்களுமாக உங்களில் பலர் இப்போது வேலைத்தலங்களில் இருக்கிறீர்கள். பண்டகசாலை, மருத்துவமனை, வங்கி, உணவகம் என்று இடம் எதுவாக இருந்தாலும், சேர்ந்த சில நாட்களில் ஒரு சொல் காதில் விழும்: 'லீன்'. சுவரில் ஒரு பலகை தொங்கும். பயிற்சிக்கு வருபவர் "விரயத்தை ஒழிப்போம்" என்பார். பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி உங்கள் காதுக்குள், "ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்" என்று முணுமுணுப்பார்.

அவருடைய பயம் வெறும் கற்பனை அல்ல. அந்தப் பெயரைச் சொல்லி ஐந்து பேரின் வேலையை மூன்று பேரின் தலையில் கட்டிய இடங்கள் உண்டு. ஆனால் இந்த முறை பிறந்த இடத்தில் அதன் இருதயமாக இருந்தது வேறொன்று. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

தானாக நின்ற தறி

கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. ஜப்பானில் ஒரு தச்சரின் மகனாக 1867இல் பிறந்தவர் சாக்கிச்சி டொயோடா. அந்தக் காலத்து இயந்திரத் தறியில் ஒரு குறை இருந்தது. இழை அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது கவனிக்கும்வரை பழுதான துணியே நெய்யப்படும். ஆகவே இயந்திரத்துக்குக் காவலாக ஒரு மனிதர் கண் கொட்டாமல் நிற்க வேண்டும்.

சாக்கிச்சி, இழை அறுந்தவுடன் தானாக நிற்கும் தறியை உருவாக்கினார். 1924இல் வந்த அவருடைய 'ஜி' வகைத் தறி உலகப் புகழ் பெற்றது. இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பனி 1929இல் அதன் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. ஒரே தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், இயந்திரத்துக்குக் காவல் நின்ற மனிதர் விடுதலையானார் என்பது. அவருடைய மகன் கீச்சிரோ 1937இல் தொடங்கிய கார் கம்பனிதான் டொயோட்டா. நம்முடைய ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜ் நகரில் 1988 முதல் கார் செய்துவருவதும் அதே கம்பனிதான்.

ஏழு விரயங்கள்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்தவர் தாயிச்சி ஓனோ என்ற பொறியியலாளர். அவர் விரயங்களை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்து குவிப்பது, காத்திருப்பது, பொருளைத் தேவையின்றி இடம் மாற்றுவது, வேண்டாத வேலையைச் செய்வது, இருப்பு தேங்குவது, வீணாக நடப்பதும் குனிவதும், பழுதான பொருளைச் செய்வது.

இந்தப் பட்டியலில் 'சோம்பேறித் தொழிலாளி' என்று ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு தாதி மருந்துத் தட்டைத் தேடி ஒரே நடைபாதையில் பத்துத் தடவை நடந்தால், விரயம் அவருடைய கால்களில் இல்லை. தட்டை அங்கே வைத்த ஒழுங்கில்தான் இருக்கிறது. 'லீன்' என்ற ஆங்கிலப் பெயரே பின்னால் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கிராஃப்சிக் 1988இல் எழுதிய கட்டுரையில்தான் அது இந்தப் பொருளில் முதன்முதலாக வந்தது.

ஃப்ரீமொன்ட் கற்றுத்தந்த பாடம்

கலிபோர்னியாவின் ஃப்ரீமொன்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராதவர்கள் ஏராளம். நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஓயாத சண்டை. அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: என்ன நடந்தாலும் உற்பத்தி வரிசையை நிறுத்தக் கூடாது. பழுதோடு வரும் கார் பழுதோடேயே நகரும். பிறகு வெளியே நிறுத்தித் திருத்துவார்கள். 1982இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 'உதவாதவர்கள்' என்று பெயர் வாங்கிய அதே பழைய தொழிலாளர்கள், தொழிற்சங்கமும் அதேதான். நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானிய கார்களின் தரத்தை நெருங்கியது. வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது.

ஆட்கள் மாறவில்லை. மாறியது என்ன? ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு கயிறு தொங்கியது. பூட்ட வேண்டிய ஆணி சரியாகப் பூட்டவில்லையா? கயிற்றை இழுக்கலாம். உடனே இசை ஒலிக்கும், விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுமுன் சரியாகிவிட்டால் வரிசை தொடர்ந்து ஓடும். ஆகாவிட்டால் வரிசையே நிற்கும். சாக்கிச்சியின் தறி இழை அறுந்தால் நின்றதுபோலவே இதுவும்.

கயிறு மட்டும் போதாது. வந்த தலைவர் "ஏன் நிறுத்தினாய்?" என்று சீறினால் அடுத்த தடவை யாரும் இழுக்கமாட்டார்கள். "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டதால்தான் கயிறு வேலை செய்தது. இன்னொன்றும் இருந்தது. நிர்வாகிகளின் சம்பளத்தைக் குறைப்பது போன்ற மற்ற வழிகளைப் பார்க்காமல் ஆட்குறைப்பு செய்யமாட்டோம் என்று தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்திருந்தார்கள். 1988 அளவில் விற்பனை சரிந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். தன் யோசனையால் தன் வேலையே போய்விடும் என்று பயப்படுகிறவர் எந்த யோசனையும் சொல்லமாட்டார் அல்லவா? அந்தக் கூட்டுத் தொழிற்சாலை 2010இல் முடிவுக்கு வந்தது. அது கற்றுத்தந்த பாடம் முடிவுக்கு வரவில்லை.

'யார்?' அல்ல, 'ஏன்?'

ஓனோ தன் ஆட்களிடம் 'ஏன்?' என்று ஐந்து தடவை கேட்கச் சொன்னார். இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? அச்சைத் தாங்கும் பகுதியில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்பு சரியாக இறைக்கவில்லை. அது ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள்கள் உள்ளே போய்விட்டன. ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருந்தால் அடுத்த வாரமும் இயந்திரம் நின்றிருக்கும். முதலிலேயே "யார் செய்த வேலை இது?" என்று கேட்டிருந்தால், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகியிருக்கும்.

நீங்கள் நிற்கும் இடத்தில்

"பெரியவர்களிடம் குறை சொல்லாதே, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு வேலை போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் தவறான பெட்டியில் ஒட்டிய மருந்துச் சீட்டைக் கண்டும் பேசாமல் விட்டால், அந்த மருந்து யாரோ ஒருவருடைய தாயின் கைக்குப் போகும். மரியாதையோடு கயிற்றை இழுக்கவும் ஒரு வழி உண்டு. இந்த மாதம் செய்து பாருங்கள்:

1. ஒரு வாரம் கவனியுங்கள். எங்கே காத்திருக்கிறீர்கள், எதைத் திரும்பத் திரும்பத் தேடுகிறீர்கள் என்று சிறு கொப்பியில் குறியுங்கள்.

2. ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "அவர் கவனமில்லை" என்பதைவிட, "இந்த வாரம் மூன்று தடவை சீட்டு மாறி வந்தது, இரண்டு சுருளும் ஒரே தட்டில் இருக்கின்றன" என்பது மேலதிகாரிக்கு உதவும்.

3. சிறிய மாற்றமொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சுருள்களை இரண்டு தட்டுகளில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கும் இடமாக இருந்தால், சுவரில் எத்தனை பலகை தொங்கினாலும் அது லீன் அல்ல. அதை அறிந்து வேறு இடம் தேடுவதும் புத்திதான்.

உங்களில் சிலர் விரைவில் மேற்பார்வையாளர்களாக வருவீர்கள். அன்று புதிதாய்ச் சேர்ந்த ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, "இங்கே ஏதோ பிழை இருக்கிறது" என்று சொல்லும். உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "நன்றி" என்பதாக இருக்கட்டும். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த தடவையும் வந்து சொல்லும்.