ஒளுவின் சட்டம் சொன்னோம். ஈறின் நோயைக் கேட்டோமா?



"ஹஜ்ரத், ஒளு செய்யும்போது ஈறிலிருந்து இரத்தம் வருகிறது. ஒளு முறிந்துவிடுமா?"

மோகனூரில் மத்ரஸா ஆசிரியராகப் பணியாற்றும் நாம், கடந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ முறை எதிர்கொண்ட கேள்வி இது. விடை நமக்கு மனப்பாடம். எச்சிலை இரத்தம் மிகைத்தாலும் இரண்டும் சமமாக இருந்தாலும் ஒளு முறியும், எச்சில் மிகைத்திருந்தால் முறியாது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் இதனால் ஒளு முறிவதில்லை. உமிழ்ந்த எச்சில் சிவப்பா, மஞ்சளா என்று பார்க்கச் சொல்வோம். கேட்டவரும் நிம்மதியாகத் திரும்பிச் செல்வார்.

அப்படிக் கேட்டுச் சென்றவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். மூன்று ஆண்டுகளில் நான்கைந்து முறை அதே கேள்வியுடன் வந்தார். நாமும் அதே விடையைச் சொன்னோம். சென்ற ஆண்டு அவருடைய முன்பற்கள் ஆடத் தொடங்கின. பல் மருத்துவர் ஈறைப் பார்த்ததும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சொன்னார். அளவு மிக அதிகமாக இருந்தது. நான்கு பற்கள் போயின. பிறகு நம்மைச் சந்தித்தபோது அவர் சொன்னது இன்றும் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது: "டாக்டரிடம் போ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே போயிருப்பேனே, ஹஜ்ரத்."

இரத்தத்தின் சட்டத்தைச் சொன்ன நாம், இரத்தம் ஏன் வருகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இக்கட்டுரையின் முதல் குற்றச்சாட்டு நம்மீதுதான்.

"மிஸ்வாக் இருக்க மருத்துவர் எதற்கு?"

இரண்டாவது குற்றச்சாட்டு, இந்தக் கேள்வியைப் பெருமையோடு கேட்போர்மீது. மிஸ்வாக்கின் சிறப்பில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற கருணை மட்டும் தடுக்காவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். தம் இறுதி வேளையிலும் மிஸ்வாக் செய்தவர்கள் அவர்கள். ஆய்வும் அதன் பயனுக்குச் சான்று தருகிறது. 2008 ஆம் ஆண்டு ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் மிஸ்வாக் துண்டுகளைக் கிருமிகள்மீது படாமல் சற்று மேலே வைத்துப் பார்த்தனர். அதிலிருந்து எழுந்த ஆவியே ஈறு நோயோடு தொடர்புடைய சில கிருமிகளைக் கொன்றது.

ஆனால் இதை வாட்ஸ்அப்பில் பரப்புவோர் ஒன்றை மறைக்கின்றனர். அது ஆய்வகத் தட்டில் நடந்த சோதனை. தட்டில் காரை இல்லை, ஈறில்லை, சர்க்கரை நோயில்லை. பல்லில் படியும் மென்மையான கிருமிப் படலத்தை மிஸ்வாக்கும் பிரஷ்ஷும் நீக்கும். அப்படலம் உமிழ்நீரின் தாதுக்களால் இறுகிக் காரையாகிவிட்டால், மருத்துவரின் கருவியன்றி வேறெதுவும் அதை அகற்றாது. ஸுன்னத் நோயைத் தடுக்கும் வழி. முற்றிய நோய்க்கு மருத்துவம் தேடச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஒரு ஸுன்னத்தைக் காட்டி இன்னொரு வழிகாட்டுதலைப் புறக்கணிப்பது எந்த வகைப் பேணுதல்?

"எங்கள் பாட்டனார் எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்"

சர்க்கரை ஆலை உள்ள நம்மூரில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. இதற்கான விடை இலங்கை மலையகத்தில் இருக்கிறது. 1970 ஆம் ஆண்டு ஹரால்ட் லோ என்ற அறிஞரின் குழுவினர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரின் ஈறுகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். அவர்கள் தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். பல் துலக்கும் பழக்கமோ, பல் மருத்துவமோ அவர்களை எட்டியிருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த பதிவுகள் 1986 இல் வெளியாயின. ஏறத்தாழ அனைவரின் வாயிலும் அழுக்கும் காரையும் ஈறு வீக்கமும் இருந்தன. ஆயினும் 8 சதவீதத்தினருக்கு நோய் அதிவேகமாகப் பரவியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிச் செல்லவில்லை.

கரும்பு கடித்த பாட்டனார் அந்த 11 பேரில் ஒருவராக இருக்கலாம். அவருடைய பேரன் அந்த 8 பேரில் ஒருவராக இருந்தால்? எவர் எந்தப் பிரிவு என்பதை வெறும் கண்ணால் சொல்ல இயலாது. ஆகவேதான் பரிசோதனை வேண்டும் என்கிறோம். நம் இனத்து ஏழைகளின் ஈறுகளிலிருந்து உலகம் இப்பாடத்தைக் கற்றது. மருத்துவம் கிட்டாதிருந்த அவர்களின் இழப்பு பாடநூலாயிற்று. மருத்துவம் கிட்டியும் நாம் போகாமலிருப்பதை என்னவென்று சொல்வது?

வலிக்கவில்லை என்பது சான்றல்ல

ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் வலித்தால் ஓடுகிறோம். ஈறு கசிந்தால் துப்பிவிட்டுத் தொழப் போகிறோம். மருத்துவர் மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்குமேல் ஆழம் கூடினால், உள்ளே எலும்பு கரைகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். கரைந்த எலும்போ தானாகத் திரும்ப வளராது.

புகைக்கும் சகோதரர்கள் ஒன்றை அறிந்துகொள்ளட்டும். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நோயுற்ற ஈறும் குறைவாகவே கசியும். இரத்தம் வரவில்லை என்ற ஆறுதல் அவர்களை ஏமாற்றும். புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, பாங்கு கேட்டதும் துப்பிவிட்டு ஸஃப்பில் நிற்போரிடம் வேறென்ன சொல்ல? பச்சைப் பூண்டு உண்டு பள்ளிக்கு வருவதையே விரும்பாதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக 2022 இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. பல்லைக் காப்பது பல்லோடு நிற்பதில்லை.

சாக்குகள் போதும்

"காரை எடுத்தால் பல் ஆடும்" என்பார்கள். பல்லை ஆட வைத்தது நோய். இதுவரை காரை அதை முட்டுக்கொடுத்து மறைத்திருந்தது, அவ்வளவே. "இரத்தம் வருகிறது, அதனால் துலக்குவதை நிறுத்திவிட்டேன்" என்பார்கள். நிறுத்தினால் படலம் தடித்து நோய் கூடும்; மென்மையாகத் தொடர்ந்து துலக்க வேண்டும். "நோன்பு முறியும்" என்பார்கள். எதையும் விழுங்காதவரை முறியாது என்பதே அறிஞர்களின் விளக்கம். ஐயமிருந்தால் ஷஃபானிலேயே சென்று வரலாமே!

இனி நாம் செய்ய வேண்டியவை எளியவை. ஒளுவின் சட்டம் கேட்டு வருபவரிடம், சட்டத்தைச் சொன்ன கையோடு அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்குச் செல்லுமாறு ஆலிம்கள் சொல்ல வேண்டும். மத்ரஸாக்களில் மிஸ்வாக்கின் சிறப்பைப் போதிப்பதோடு, ஈறின் ஓரத்தில் அதை எப்படி மென்மையாகச் செலுத்துவது என்றும் செய்து காட்ட வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கொரு முறை பள்ளிவாசலில் பல் மருத்துவ முகாமுக்கு ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம்.

நாம் தொடங்கிவிட்டோம். சென்ற மாதம் மாணவர் ஒருவர் அதே கேள்வியோடு வந்தார். சட்டத்தைச் சொன்னோம். பிறகு, "தம்பி, எத்தனை நாளாக இரத்தம் வருகிறது?" என்று கேட்டோம். அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகள் தாமதித்த பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் அனைவரின் உடலையும் அமானிதமாகப் பேணும் நல்லறிவைத் தருவானாக. ஆமீன்.