நாலு தந்தி... நாலாயிரத்து எண்ணூறு ரூபா!

வாங்கலாமா பாஸ்? - இந்த வாரம்: பாரிடோன் உகுலேலே

செமஸ்டர், இன்டர்னல், ரெக்கார்ட் நோட்டு எல்லாம் எப்படிப் போகுது? எனக்கும் அப்படித்தான் போகுது. அதை விடுங்க, மேட்டருக்கு வருவோம்.

போன புதன்கிழமை எங்க அல்லிநகரம் வீட்டு வாசல்ல ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்து இறங்குச்சு. பிரிச்சதும் எங்கம்மா எட்டிப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இது என்னடா, கிடார் போட்ட குட்டியா?"

கிட்டத்தட்ட கரெக்ட்டுதாம்மா! உகுலேலேன்னு பேரு. சோப்ரானோ, கான்செர்ட், டெனார், பாரிடோன்னு நாலு சைஸ்ல வரும். பசங்க இன்ஸ்டாவுல வெச்சுட்டு சீன் போடுறது பெரும்பாலும் முதல் ரெண்டு. நான் வாங்கினது கடைசி சைஸ். குடும்பத்துலயே பெரிய அண்ணன். விலை 4,800 ரூபா. லீவுல போடியில ஒரு ஏலக்காய்க் கடையில மூட்டைக் கணக்கு எழுதிச் சம்பாதிச்ச காசு. அதனால இந்த ரிவ்யூவுல ஒரு பைசாவுக்கும் ஓசி இல்லை.

இது எங்க இருந்து வந்துச்சு?

ஹவாய்த் தீவு வாத்தியம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா பூர்வீகம் போர்ச்சுகல். 1879 ஆகஸ்ட்ல 'ரேவன்ஸ்க்ராக்'ங்கற கப்பல் மதீரா தீவுல இருந்து ஹொனலுலு போச்சு. உள்ள இருந்தது கரும்புத் தோட்ட வேலைக்குப் போன ஜனங்க. அவங்க கொண்டு போன குட்டி வாத்தியத்துல இருந்து பிறந்ததுதான் உகுலேலே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆளுங்க தப்பைக் கூடவே கொண்டு போனாங்கல்ல, அதே கதைதான்.

பாரிடோன் ரொம்பப் பின்னாடி, 1940-கள்ல வந்த தம்பி. இதுல ஒரு விசேஷம். மத்த மூணும் பொதுவா ஜி-சி-இ-ஏ ட்யூனிங். பாரிடோன் மட்டும் டி-ஜி-பி-இ. அதாவது கிடார்ல கீழ இருக்குற ரெண்டு தடித் தந்தியையும் கழட்டிட்டா என்ன மிஞ்சுமோ, அதேதான். கிடார் வாசிச்ச கைக்கு இது புது பாஷை இல்லை. நான் பாரிடோனை எடுத்ததுக்கு அதுதான் காரணம். ஆனா அந்தக் கை என்னோடது இல்லை.

எங்கப்பா ஒரு காலத்துல மெல்லிசைக் குழுவுல ரிதம் கிடார். வீரபாண்டி சித்திரைத் திருவிழா வந்தா வீட்டுலயே தங்க மாட்டார்னு அம்மா சொல்வாங்க. இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் பாரதிராஜா பிறந்த அல்லிநகரமும் இருக்குற மாவட்டம்ல இது? இங்க தெருவுக்கு ஒருத்தர் 'நானும் ஒரு காலத்துல...'ன்னு ஆரம்பிப்பாங்க. எங்கப்பா மட்டும் ஆரம்பிக்கவே மாட்டார். நான் ஆறாப்பு படிக்கிறப்ப மில்லுல விரல் மாட்டிருச்சு. இடது கை ஆட்காட்டி விரல் அதுக்கப்புறம் மடங்கலை. கிடாரை அந்த வருஷமே வித்தாச்சு. அதைப் பத்தி வீட்டுல பேச்சே கிடையாது.

ஆறு ஸ்டீல் தந்தி முடியாது. நாலு நைலான் தந்தி முடியுமா? இந்த வாரத்து ரிவ்யூவுல நிஜமான கேள்வி இதுதான். திருப்பி அனுப்ப ஏழு நாள் டைம்.

லுக்கு எப்படி?

மூணடி தூரத்துல இருந்து பார்த்தா சூப்பர் ஸ்டார். கைக்கு வந்ததும் மேக்கப் தெரியுது. மகாகனி கலர், மேட் ஃபினிஷ், ஓரத்துல வெள்ளை பார்டர். சவுண்டு ஹோல் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள பசை வழிஞ்சு காய்ஞ்சு கிடக்கு. தந்தியை முறுக்குற கீ நாலுல ஒண்ணு லேசா ஆடுது.

நிஜ மரமா, ப்ளைவுட்டான்னு கண்டுபிடிக்க ஈஸியான வழி சொல்றேன். சவுண்டு ஹோலோட விளிம்பைப் பாருங்க. மேல இருக்குற மர ரேகை அப்படியே உள்வரைக்கும் இறங்கினா ஒரே மரம். சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிஞ்சா லேமினேட். என்னோடது சாண்ட்விச். இந்த விலைக்கு அதுதான் கிடைக்கும். அதுக்காக மூஞ்சியைத் தூக்காதீங்க. ஒரே மரத்துல செஞ்சது சத்தம் நல்லா குடுக்கும், ஆனா வெயிலுக்கும் ஈரத்துக்கும் சட்டுனு சுருங்கும், வெடிக்கும். சித்திரை வெயிலும் ஆடிக் காத்தும் மாறி மாறி அடிக்கிற நம்ம ஊருக்கு லேமினேட் கொஞ்சம் கெட்டிக்காரன்.

மார்க்: 10-க்கு 6.

சவுண்டு எப்படி?

பெட்டியில இருந்து எடுத்ததும் வாசிச்சுட்டு 'மொக்கை'ன்னு முடிவு கட்டிடாதீங்க. நான் கட்டினேன். ஏன்னா நைலான் தந்தி புதுசுல ரப்பர் மாதிரி இழுபடும். ட்யூன் பண்ணி ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுருதி இறங்கிரும். இது கோளாறு இல்லை. மூணு நாலு நாள் திரும்பத் திரும்ப ஏத்திக்கிட்டே இருந்தா அடங்கிரும்.

அடங்கினப்புறம்? சின்ன உகுலேலே மாதிரி 'டிங்டிங்'னு துள்ளாது. கொஞ்சம் கனமான, படுத்துப் பேசுற குரல். ராத்திரி மொட்டை மாடிக்கு ஏத்த சத்தம், பக்கத்து வீட்டுல இருந்து கம்ப்ளெயின்ட் வராது. குறைன்னா, டி தந்தி லேசா மந்தம். அதுவும் ஜி-யும் மேல கம்பி சுத்தின தந்திங்க, விரலை நகர்த்தினா 'கீச்'சுங்குது.

இன்னொண்ணும் உண்மையைச் சொல்லிடணும். கிடார்ல இருக்குற அந்த ரெண்டு தடித் தந்தி இதுல இல்லை. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்து நிலாப் பாட்டுக் கிடாரை இதுல அப்படியே கொண்டு வந்துடலாம்னு கனவு கண்டீங்கன்னா, பாதிக் கனவுலயே முழிச்சுக்குவீங்க. பாட்டுக்குப் பின்னாடி கார்டு பிடிக்க ஓகே. பேஸ் நடந்து வர்ற வாசிப்புக்கு ஆகாது.

மார்க்: 10-க்கு 7.

கைக்கு எப்படி?

இங்கதான் ஆப்பு காத்திருந்துச்சு.

படிக்கிறது இன்ஜினீயரிங். அதனால லேப் ஸ்கேலும் கையுமா உட்கார்ந்துட்டேன். நட்டுல இருந்து சேடில் வரைக்கும் தந்தி நீளம் 483 மி.மீ. இதை 17.817-ஆல வகுத்தா வர்றது முதல் ஃப்ரெட் இருக்க வேண்டிய தூரம்: 27.1 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி அதே நம்பரால வகுத்தா ரெண்டாவது. இப்படியே போனா பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியா பாதியில வந்து நிக்கும். என்னோடதுல எல்லாம் கரெக்டா இருந்துச்சு. கம்பெனிக்காரன் கணக்குல பாஸ்.

ஃபெயில் ஆனது உயரத்துல. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவுல 3 மி.மீ. பக்கம் இருந்தா விரலுக்குச் சுகம். இதுல 3.8. கேட்க சின்ன வித்தியாசம், அழுத்திப் பார்த்தா தெரியும். தந்தியை அவ்வளவு தூரம் இறக்கும்போது அது கூடுதலா இழுபட்டு சுருதியும் ஏறிடுது. ட்யூனர் ஆப்புல டி தந்தி பன்னிரண்டாவது ஃப்ரெட்டுல 18 சென்ட் கூடுதலாக் காட்டுச்சு. நூறு சென்ட் சேர்ந்தா அரை ஸ்வரம். சாதாரணக் காதுக்கே உறுத்தும். போதாததுக்கு ஃப்ரெட் முனையெல்லாம் அரம் மாதிரி கையைக் கீறுது.

மார்க்: வந்தபடி 10-க்கு 4.

நல்ல விரலுக்கே வலிக்குதுன்னா அப்பாவுக்கு எப்படி? திருப்பி அனுப்பிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்பாவும் முதல் நாள் ஒரு பார்வை பார்த்துட்டு, "எவ்வளவு?"ன்னு கேட்டுட்டுப் போனவர்தான். தொடவே இல்லை.

இல்லைன்னு நினைச்சேன்.

அஞ்சாவது நாள் காலேஜ்ல இருந்து வந்து எடுத்துப் பார்க்கிறேன், நாலு தந்தியும் சுருதியில நிக்குது. காலையில நான் விட்டுட்டுப் போனப்ப இறங்கித்தான் கிடந்துச்சு. ட்யூனர் ஆப் என் போன்ல. போன் நாள் முழுக்க என் பாக்கெட்ல. செக் பண்ணினேன். பி மட்டும் ஒரு நூல் கம்மி, மத்தது மூணும் நேர்கோடு. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாங்க: "மத்தியானம் அரைமணி நேரம் முறுக்கிட்டு இருந்தாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

ஆறாவது நாள் ராத்திரி. ரிட்டர்ன் பட்டன்ல விரலை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பக்கத்துல உட்கார்ந்தார்.

"எதுக்குடா திருப்புற?"

"தந்தி ரொம்ப உசரமா இருக்குப்பா. கை வலிக்குது."

"சேடிலைக் கழட்டி அடியில தேய்ச்சா இறங்கிரும். ஆனா தேய்ச்சுட்டா திருப்பிக் குடுக்க முடியாது. உன் காசு, யோசிச்சுக்க."

நான் யோசிச்சது அரை நிமிஷம். எந்திரிச்சுப் போய் தெருமுனை ஹார்டுவேர் கடையில ரெண்டு உப்புத்தாள் வாங்கிட்டு வந்தேன்.

நீங்களும் செய்யலாம்

தந்தியைத் தளர்த்தி சேடிலை உருவிக்கணும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுல எவ்வளவு இறக்கணுமோ, அதைப் போல ரெண்டு மடங்கு சேடில்ல குறைக்கணும். அந்த ஃப்ரெட் சரிபாதியில இருக்குல்ல, அதனால. எனக்கு 0.8 இறக்கணும், ஆக 1.6 மி.மீ. பென்சிலால கோடு போட்டுட்டு, சமமான கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு அடிப்பக்கத்தை மட்டும் தேய்ங்க. மேல் வளைவைத் தொடாதீங்க. ஒரேயடியா வேணாம். கொஞ்சம் தேய்ச்சு, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்கணும். கூடக் குறைச்சா தந்தி ஃப்ரெட்டுல மோதி இரையும், புதுச் சேடில்தான் வாங்கணும். ஃப்ரெட் முனையை நைசான உப்புத்தாளால நெக்கோட போக்குலயே மழுக்குங்க.

ஒரு மணி நேர வேலை. முடிச்சு அளந்தா 3 மி.மீ. அந்த 18 சென்ட் 8-க்கு இறங்கிருச்சு. மார்க் 4-ல இருந்து 7.

அப்பா வாங்கி மடியில வெச்சார். முதல்ல ஜி. இதுல ஜி கார்டுக்கு ஒரே விரல் போதும், இ தந்தியில மூணாவது ஃப்ரெட். அடுத்து இ மைனர், அதுவும் ஒரே விரல்தான். டி-க்கு மூணு விரல், ஆட்காட்டி விரல் இல்லாமலே பிடிச்சார். சி-க்கு எல்லாரும் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் போடுவோம். இவர் ஒவ்வொரு விரல் தள்ளி, நடுவிரலும் மோதிர விரலுமாப் போட்டார். ஏ மைனருக்கும் அதே தள்ளல், சுண்டு விரல் துணைக்கு வந்துச்சு. அப்புறம் பழக்க தோஷத்துல எஃப் போகப் பார்த்தார். அதுக்கு ஆட்காட்டி விரலைப் படுக்க வைக்கணும். அது படுக்கலை. ரெண்டு தடவை முயற்சி பண்ணினார். நான் தரையைப் பார்த்துட்டு இருந்தேன்.

"சி-யில வாசிச்சாத்தான எஃப் வரும்? ஜி-க்கு மாத்திக்கிட்டா சோலி முடிஞ்சுது"ன்னுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சார்.

என்ன பாட்டுன்னு சொல்ல மாட்டேன். அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து நிலைப்படியில உட்கார்ந்தாங்கங்கறதை மட்டும் சொல்லிக்கிறேன்.

வாங்கப் போறீங்களா?

* கடையில வாங்குனா பன்னிரண்டாவது ஃப்ரெட்டுல உயரம் பாருங்க. ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி இரைச்சல் வருதான்னு கேளுங்க. ஆன்லைன்னா இதையெல்லாம் முதல் நாளே செய்யுங்க, என்னை மாதிரி ஆறாவது நாள் இல்லை.
* ஸ்டீல் கிடார் தந்தியை இதுல மாட்டாதீங்க. இழுவை தாங்காம பிரிட்ஜே பிய்ச்சுக்கிட்டு வந்துரும்.
* வீடியோ பார்த்துக் கத்துக்கிறவங்க கவனம். அதுல பெரும்பாலும் ஜி-சி-இ-ஏ. அவங்க சி பிடிக்கிற அதே பிடி உங்களுக்கு ஜி-யாக் கேட்கும். கூடவே வாசிக்கணும்னா அஞ்சாவது ஃப்ரெட்டுல கேப்போ போட்டுக்கங்க.
* வெயில்ல நிறுத்தின காருக்குள்ள வைக்காதீங்க, பசை இளகிரும்.

தீர்ப்பு: கிடாரே வாசிச்சுப் பழகாதவங்க, இன்ஸ்டாவுக்குத் துள்ளலான சத்தம் தேடுறவங்க சின்ன சைஸுக்குப் போங்க. விலையும் குறையும். கிடார் தெரிஞ்சு கை வலிக்கிறவங்க, தோள்ல ஈஸியா மாட்டிட்டுப் போக நினைக்கிறவங்க, வீட்டுல பழைய கிடாரிஸ்ட் யாராவது சும்மா உட்கார்ந்திருக்கிறவங்க தாராளமா வாங்கலாம். உப்புத்தாளுக்குத் தனியா முப்பது ரூபா எடுத்து வெச்சுக்கங்க.

இதை எழுதிட்டு இருக்கும்போது அப்பா உள்ளறையில இருந்து குரல் குடுக்கிறார்: "டேய், டி தந்திதான் முதல்ல தேயும். ரெண்டா வாங்கி வை."

நான் வாசிக்கப் பழகலாம்னு இருந்தேன். எனக்கு எப்ப கிடைக்கும்னு தெரியலை. அடுத்த வாரம் பார்ப்போம் மக்கா!