மந்தியும் கஞ்சியும்



மந்திச் சோறு உண்பது சுன்னத்தா என்று மதரஸா மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. பிரியாணி முகலாயருடையது, மந்தி அரபியருடையது, ஆகவே மந்தியில்தான் பரக்கத் அதிகம் என்று அவருடைய வீட்டில் பேசிக்கொண்டார்களாம். நம் குடும்பங்களின் உணவு விருப்பம் மாறி வருவது குறித்து எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அந்த மாற்றத்தின் மீது மார்க்கத்தின் முத்திரையைக் குத்துவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

என் நாவின் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரியாணியில் நான் ஆம்பூர்க் கட்சி. சீரகச் சம்பா அரிசி, அரைத்த காய்ந்த மிளகாய், உடன் புளிப்பேறிய கத்தரிக்காய்; இதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை. திண்டுக்கல் பிரியாணியும் சீரகச் சம்பாதான். ஆயினும் அதன் மசாலா மணம் வேறு. இவ்விரண்டில் எது மேல் என்ற விவாதத்தை விருந்துக்குப் போன இடத்தில் தொடங்கிவிடாதீர்கள். பரோட்டா என்றால் எங்கள் தென்காசி வட்டாரத்தை விட்டு நான் நகர மாட்டேன். செங்கோட்டையை அடுத்த பார்டரில் ரஹ்மத் கடைப் பரோட்டாவுக்காகக் குற்றாலத்துக்கு வருவோரும் உண்டு. அருவி அவர்களுக்கு இரண்டாம் பட்சம். சென்னைக்குச் சென்றால் அண்ணா சாலை புஹாரி ஹோட்டல். 1951இல் தொடங்கப்பட்டது. சிக்கன் 65 என்பது 1965இல் தம் கடையில் பிறந்ததென்று அவர்கள் கூறுவர். நாகூர் சென்றால் வாடா. அதன் மேல் பதித்திருக்கும் இறால் கூடுமா கூடாதா என்று ஹனஃபி நண்பர்கள் ஆராய்ந்து முடிப்பதற்குள் ஷாஃபி நண்பர்கள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

மந்தியும் எனக்குப் பிடிக்கும். யமனின் ஹளரமவ்த் பகுதி உணவு அது. நிலத்தில் புதைத்த அடுப்பில் இறைச்சி வேகும். அதிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் கீழே உள்ள சோற்றில் இறங்கும். மசாலா குறைவு, காரமும் குறைவு. நிஜாமின் படையில் பணியாற்ற வந்த ஹளரமீகளின் வழித்தோன்றல்கள் வாழும் ஹைதராபாத் பார்க்கஸ் பகுதியில் மந்திக் கடைகள் வரிசையாக உள்ளன. கேரளத்தில் அது குழிமந்தி ஆயிற்று. வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய நம் சகோதரர்களும் அந்தச் சுவையை நாவில் ஏந்தி வந்தார்கள். அன்னிய ஊரில், அறை நண்பர்களோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரே தட்டில் உண்ட உணவு அவர்களுக்கு வெறும் உணவன்று. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் நம் ஊர்க் கடைகள் பலவற்றில் அப்பெயரில் கிடைப்பது நிறமூட்டிய மஞ்சள் சோறும், கரித்துண்டின் புகையும், ஒரு கிண்ணம் மயோனைஸும்தான். யமனில் மந்திக்குத் தொட்டுக்கொள்வது சஹாவிக். தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி சேர்த்து அரைத்தது. நம் வீட்டுப் பச்சைத் துவையலுக்கு உடன்பிறந்தது எனலாம். அரபு உணவு என்று நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் மயோனைஸை அந்த ஊர்க் கிழவி பார்த்தால், என்ன இது என்றுதான் கேட்பார்.

மார்க்கம் என்ன கூறுகிறது? மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்ட நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். அது உடும்பு என்று தெரிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவியபோது, இல்லை, தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் இது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்ற பொருளில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தடுக்கவில்லை. உடும்பின் சட்டத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் இப்போது போக வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது, விருப்பமின்மைக்கு நபியவர்கள் சொன்ன காரணத்தை. ஒருவரின் நாக்கு அவர் பிறந்து வளர்ந்த நிலத்துக்குரியது என்பதை அவர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். தம் விருப்பத்தையோ விருப்பமின்மையையோ அருகில் இருந்தவர் மீது சட்டமாக்கவில்லை.

நாக்கு மாறவும் செய்யும். தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளை நபியவர்கள் தேடி எடுத்ததைக் கண்ட அனஸ் (ரலி), அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிடித்துப்போனது என்கிறார்கள். அன்பின் காரணமாக ஒருவரின் நாச்சுவை மாறியதற்கு இதைவிட அழகிய சான்று எனக்குத் தெரியாது. அந்தச் சுரைக்காய் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கடைப் பலகையில் எழுதி விற்பார் எவருமில்லை!

நம் உணவு என்று நாம் உரிமை கொண்டாடுபவையும் ஒரு காலத்தில் புதியவையே. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே மிளகாய் இம்மண்ணுக்கு வந்தது. நெய்ச்சோற்றுக்கு நாம் ஊற்றும் தாள்ச்சா தக்காணத்துத் தொடர்புடையது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெருநாளுக்குச் செய்யும் வட்டலப்பம் கடல் கடந்த உறவின் அடையாளம். காஃபியை முதலில் பருகியவர்களில் யமனின் சூஃபிகள் உண்டு. இன்று அதைக் கும்பகோணத்துக்குரியதாகவே கருதுகிறோம். இவற்றை வரவேற்ற நம் முன்னோர், நன்மை எழுதப்படும் என்பதற்காக வரவேற்கவில்லை. சுவையாக இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பதை மந்திக் கடையில்தான் கற்றதாக எண்ணும் இளைஞர்கள், காயல்பட்டினத்துத் திருமண வீட்டில் களறிக் கறிச் சோற்றைச் சஹனில் கூடி உண்ணும் வழக்கத்தை ஒருமுறை சென்று காணட்டும்.

அரபுப் பெயர் இருப்பதாலேயே ஓர் உணவின் மீதான கேள்விகள் நின்றுபோவதும் எனக்குக் கவலை தருகிறது. அல்குர்ஆன் (2:168) ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. அனுமதிக்கப்பட்டது மட்டும் போதாது, தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. அறுத்தவர் யார் என்று கேட்கும் நாம், இறைச்சி எத்தனை மணி நேரமாக அந்தக் கம்பியில் சுழல்கிறது என்றும் கேட்கலாமே.

இவ்வளவும் எழுதக் காரணம் எங்கள் மஹல்லாவில் எழுந்துள்ள ஒரு யோசனை. வரும் ரமளானில் நோன்புக் கஞ்சியைக் குறைத்துக்கொண்டு, பிற்பகுதியில் இஃப்தாருக்கு மந்திப் பொட்டலம் வழங்கலாம் என்கிறார்கள் சிலர். பொருளுதவி செய்ய முன்வந்தவரின் உள்ளம் நல்ல உள்ளம். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. எனினும் நான் இதை எதிர்க்கிறேன்.

கஞ்சி நமக்கு வெறும் இஃப்தார் உணவன்று. லுஹருக்குப் பின் பள்ளிவாசலின் பின்புறத்தில் அண்டா ஏறும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, மல்லி, இறுதியில் தேங்காய்ப்பால். வசதிப்பட்டால் கொத்திய கறி. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் தூக்குவாளிகளின் வரிசை. அவ்வரிசையில் நம் பிள்ளைகள் மட்டும் நிற்பதில்லை. அடுத்த தெருவின் இந்துச் சகோதரிகள் நிற்கிறார்கள், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக வாங்கிச் செல்லும் கிறிஸ்தவப் பெரியவர் நிற்கிறார். நீ நோன்பாளியா என்று எவரும் கேட்பதில்லை. பாத்திரம் நீட்டினால் அகப்பை சாயும். எதிர்பாராமல் இருபது பேர் கூடுதலாக வந்தால் அண்டாவில் கொஞ்சம் வெந்நீர் சேரும், அவ்வளவே. எண்ணிக் கட்டிய பொட்டலத்தை அப்படி நீட்ட முடியாது. இருநூறு பொட்டலம் என்றால் இருநூறு பேர்; இருநூற்று ஒன்றாவது ஆள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நம் ஜமாஅத் பட்டியலில் பெயர் இல்லாதவராகவே இருப்பார். பதினான்கு மணி நேரம் வெறுமையாய் இருந்த வயிற்றுக்குக் கொழுப்பேறிய சோறா, இளஞ்சூட்டுக் கஞ்சியா என்பதை நம் வீட்டு முதியோரிடம் கேட்டாலே போதும்.

மந்தி வழங்க விரும்பும் சகோதரர் பெருநாளன்று தாராளமாக வழங்கட்டும். நானும் வந்து உண்பேன். கஞ்சி அண்டா முப்பது நாளும் ஏற வேண்டும்.

ஜமாஅத் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் வேண்டுகோள் இன்னொன்றும் உண்டு. எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் பெரியவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. உப்பு, தண்ணீர் அளவெல்லாம் அவர் கையில் இருக்கிறதே தவிர, எந்தத் தாளிலும் இல்லை. ஷஅபான் பிறப்பதற்குள் இரண்டு இளைஞர்களை அவருக்குத் துணையாக நிறுத்த வேண்டும். என் வகுப்பில் ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார். இன்னொருவரை உங்கள் வீட்டிலிருந்து அனுப்புங்கள்.