ஆடி கார்... ஆடித் தள்ளுபடியில்!

இன்ஜினீயரிங் சேர்ந்த நாள்லேர்ந்து சொந்தக்காரங்க நம்மளைக் கேக்குற கேள்வி மொத்தம் மூணு. "ஃபேன் ஏன்டா சுத்தலை?", "செல்போன் ஏன்டா தொங்குது?" இதெல்லாம் சப்பை மேட்டர். மூணாவதுதான் டேஞ்சர்: "மாப்ளே, பழைய ஆடி ஒண்ணு வருது. பன்னெண்டு லட்சம்தான் சொல்றான். பிடிச்சிடலாமா? நீதான் இன்ஜினீயராச்சே!"

நீங்க படிக்கிறது ஐ.டி-யா இருக்கலாம், டெக்ஸ்டைலா இருக்கலாம், அதைப்பத்தி மாமாவுக்குக் கவலை இல்லை. நீங்க தலையாட்டினா அட்வான்ஸ் போயிடும். அதனால ஆட்டுறதுக்கு முன்னாடி இந்த ஒரு பக்கத்தைப் படிச்சிடுங்க. ஏன்னா, அந்தப் பன்னெண்டு லட்சத்துக்குள்ள உங்க ஃபைனல் இயர் ஃபீஸும், தங்கச்சியோட அட்மிஷன் பணமும் ஒளிஞ்சிருக்க சான்ஸ் இருக்கு.

எங்க தெள்ளாரையே எடுத்துக்குங்க. ஒன்பதாம் நூற்றாண்டுல மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை விரட்டினது இங்கதான். 'தெள்ளாறெறிந்த'னு பட்டமே வாங்கினாரு பல்லவர். அதுக்கப்புறம் பெரிய பரபரப்பு எதுவும் இல்லாம, வந்தவாசி - திண்டிவனம் ரோட்ல அமைதியா இருக்கிற ஊர். ஒரு பக்கம் வந்தவாசிப் பாய், இன்னொரு பக்கம் ஆரணிப் பட்டு. பட்டு வியாபாரத்துல நாலு காசு பார்த்தவங்க, நிலம் வித்தவங்க, துபாய், சிங்கப்பூர்ல இருந்து அனுப்புறவங்கனு கையில மொத்தமா பணம் சேர்ந்தா, வீட்டுக்கு அடுத்து வர்றது கார்தான். ஒரு காலத்துல அம்பாஸடர், அப்புறம் குவாலிஸ், ஸ்கார்ப்பியோ, இன்னோவா. இப்போ கல்யாண மண்டப வாசல்ல நாலு வளையமும் மூணு முனை நட்சத்திரமும் நிக்குது. கௌரவம் பாஸ்!

ஆடி க்யூ 5, பி.எம்.டபிள்யூ எக்ஸ் 3, பென்ஸ் ஜி.எல்.சி, வால்வோ எக்ஸ்.சி 60... இந்த நாலும்தான் 'மிட்சைஸ் லக்ஸுரி எஸ்யூவி' கோஷ்டியில முக்கியமானவங்க. இதுல எக்ஸ் 3-யை ஃபாரின் வண்டினு சொன்னா சிரிப்பேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல இருக்கிற பி.எம்.டபிள்யூ ஃபேக்டரியில பூட்டுற வண்டி அது. 2007 மார்ச் 29-ல் திறந்த ஃபேக்டரி. முழு வண்டியா கப்பல்ல கொண்டுவந்தா சுங்க வரி தாளிச்சிடும். பாகம் பாகமா கொண்டுவந்து இங்க பூட்டினா வரி ரொம்பக் குறைவு. அதனால அது பாதி ஜெர்மனி, பாதி செங்கல்பட்டு!

புதுசா வாங்கினா என்ன ஆகும்? 2025 ஜனவரியில புது எக்ஸ் 3 பெட்ரோல் அறிமுகமானப்போ எக்ஸ்-ஷோரூம் விலை 75.80 லட்சம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஆயுள் வரியை ஏத்தினப்போ, 20 லட்சத்துக்கு மேல போற கார்களுக்கு 20 சதவிகிதம்னு ஆச்சு. 75.80-க்கு 20 சதவிகிதம் போட்டுப் பாருங்க. 15 லட்சத்துக்கு மேல! இன்ஷூரன்ஸ் போடுறதுக்கு முன்னாடியே 90-ஐத் தாண்டிடுச்சு. அந்த 75.80-க்குள்ளயும் அப்போ ஜி.எஸ்.டி, செஸ் ரெண்டும் சேர்ந்து 50 சதவிகிதம் உட்கார்ந்திருந்தது. அடிப்படை விலை சுமார் ஐம்பதரை லட்சம், மீதி இருபத்தஞ்சு வரி. ஆக, ரோட்டுக்கு வர்ற வண்டியில சுமார் 40 லட்சம் அரசாங்கத்துக்கு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து செஸ்ஸைத் தூக்கிட்டு 40 சதவிகிதம்னு ஒரே வரியா மாத்தினாங்க. வரியை மட்டும் வெச்சுப் பார்த்தா இந்த மாதிரி வண்டியில 5 லட்சம் குறையுது. புது வண்டி விலை இறங்கினா பழைய வண்டி விலையும் இறங்கும்கிறதை மாமா ஞாபகம் வெச்சுக்கணும். 2024-ல் கேட்ட ரேட்டையே இன்னும் சொல்ற புரோக்கர்கிட்ட இதை எடுத்து விடுங்க.

இப்போ மேட்டருக்கு வருவோம். 75 லட்சத்து வண்டி அஞ்சு வருஷத்துல 30 லட்சத்துக்கு விக்குதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 45 லட்சம் காலி. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2,460 ரூபாய்! வண்டி ஷெட்டுல சும்மா நின்னாலும் இது போய்க்கிட்டே இருக்கும். ஆரணியில தறியில உட்கார்றவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு அவ்வளவு கூலி விழுதான்னு.

"அதனாலதான்டா செகண்ட் ஹேண்ட்! நஷ்டம் அவனுக்கு, வண்டி நமக்கு"ம்பார் மாமா. லாஜிக் சரிதான். தமிழ்நாட்டு வண்டியா இருந்தா அந்த 20 சதவிகித ஆயுள் வரியை முதல் ஓனரே கட்டிட்டார், நமக்கு அது மிச்சம். ஆனா, இதுல ஒரு உள்குத்து இருக்கு. வண்டி விலைதான் இறங்குமே தவிர, ஸ்பேர் விலை இறங்காது. 12 லட்சத்துக்கு வாங்கினாலும் அதோட ஹெட்லைட்டுக்கும் டர்போவுக்கும் கியர்பாக்ஸுக்கும் நீங்க கொடுக்குறது 60, 70 லட்சம் வண்டியோட ஸ்பேர் ரேட்.

உதாரணத்துக்கு, 2014-க்கு முந்தின எக்ஸ் 3 டீசல் பலதுல இருக்கிறது 'என் 47' இன்ஜின். இதோட டைமிங் செயின் முன்னாடி இல்லை. பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம். அந்தச் செயின் தேய்ஞ்சு அறுந்த கதைகள் உலகம் பூரா உண்டு. மாத்தணும்னா இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும். ஸ்டார்ட் பண்ணின உடனே பின்பக்கத்துலேர்ந்து சரசரனு இரும்பு உரசுற சத்தம் கேட்டா, ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. அதுக்கப்புறம் வந்த 'பி 47' இதுல பரவாயில்லை. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 'லைஃப்டைம்'னு விக்கிறவர் சொல்வார். ஆனா, அந்த 8 ஸ்பீடு கியர்பாக்ஸைத் தயாரிக்கிற இசட்.எஃப் கம்பெனியே 80,000-லேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுது. மாத்தின பில் இருக்கானு கேளுங்க.

அடுத்தது நம்ம ஊருக்குன்னே வந்த வில்லன், டி.பி.எஃப். 2020 ஏப்ரல்லேர்ந்து பி.எஸ் 6 வந்ததும், டீசல் கார் புகைக்குழாய்ல கரியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர் கட்டாயமான மாதிரி ஆயிடுச்சு. பிடிச்ச கரியை எங்கேயாவது எரிக்கணும் இல்லையா? சுமார் 600 டிகிரி சூடு வந்தாதான் எரியும். ஹைவேயில தொடர்ந்து ஓட்டினா தானா எரிஞ்சிடும். நம்மாளு என்ன பண்ணுவார்? வீட்லேர்ந்து கடைத்தெரு, கடைத்தெருவிலேர்ந்து வீடு. மிஞ்சிப் போனா வந்தவாசி பஸ் ஸ்டாண்ட். சூடு ஏர்றதுக்குள்ள ஆஃப். ஃபில்டர் அடைச்சுக்கும், டேஷ்போர்டுல மஞ்சள் லைட் எரியும், அதையும் கண்டுக்கலைனா வண்டி வேகத்தைக் குறைச்சுக்கிட்டு முரண்டு பிடிக்கும். புது ஃபில்டர் விலையைக் கேட்டா மாமாவுக்கு லைட் எரியும்!

இன்னொண்ணும் இருக்கு. அறுவடை சமயத்துல நம்ம பக்கம் ரோட்லயே கதிரைப் பரப்பிடுவாங்க. எல்லா வண்டியும் ஏறிப் போகணும்னே போடுறது. 600 டிகிரியில கரியை எரிச்சுக்கிட்டிருக்கிற வண்டியோட வயித்துல காய்ஞ்ச வைக்கோல் சுத்திக்கிட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எந்த வண்டியா இருந்தாலும் அந்த வைக்கோல்ல ஏத்தாம ஒதுங்கிப் போறது பெட்டர். கிட்டத்துலயே ஓட்டுற பார்ட்டின்னா டீசலை விட்டுட்டு பெட்ரோல் பார்க்கச் சொல்லுங்க.

டயர் காமெடி தனி. பி.எம்.டபிள்யூ மாடல்கள் பலதுல ரன்-ஃப்ளாட் டயர். காத்து மொத்தமா இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துல 80 கிலோமீட்டர் தூரம் ஓடும்பாங்க. தெள்ளார்லேர்ந்து சென்னை சர்வீஸ் சென்டர் நூறு கிலோமீட்டருக்கு மேல. மீதி தூரத்துக்கு? லாரி மேல ஏத்திக்கிட்டுப் போற செலவையும் கணக்குல எழுதிக்கணும்.

சரி, சீப்பா கிடைக்குதே, எங்கேர்ந்து வருது? டெல்லி! 10 வருஷத்துக்கு மேல ஆன டீசல் கார் ஓடக் கூடாதுன்னு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. அதுலேர்ந்து அங்க இருக்கிற நல்ல நல்ல டீசல் சொகுசு வண்டியெல்லாம் அடிமாட்டு விலைக்கு மத்த மாநிலங்களுக்குக் கிளம்பிடுச்சு. அந்த விதியில அப்புறமும் மாத்தங்கள் வந்தது, அது வேற கதை. வண்டி நல்லாவே இருக்கலாம். ஆனா, அங்கேர்ந்து தடையில்லாச் சான்று, அதாவது ஃபார்ம் 28, வாங்கணும். 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா தமிழ்நாட்டு நம்பர் வாங்கணும், வண்டி வயசுக்கு ஏத்த ஆயுள் வரியும் இங்க கட்டணும். அந்த 'சீப்' பாதி அங்கேயே கரைஞ்சிடும். நமக்குப் பக்கத்துல இருக்கிற பாண்டிச்சேரி பி.ஒய் நம்பருக்கும் இதே கதைதான். "அப்படியே ஓட்டிக்கலாம் தம்பி, யார் கேக்கப்போறா?"னு விக்கிறவர் கண்ணடிப்பார். 2017-ல் கேரளாவுல சினிமா பிரபலங்களோட சொகுசு கார்கள் பாண்டிச்சேரி அட்ரஸ்ல பதிவாகியிருந்தது போலீஸ் கேஸ் வரைக்கும் போனதை அவருக்கு ஞாபகப்படுத்துங்க.

இன்னொரு சீப் ரகம், தண்ணியில குளிச்சது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல்னு ஒவ்வொரு தடவையும் பேஸ்மென்ட் பார்க்கிங்ல மூழ்கின கார்கள் எக்கச்சக்கம். காய வெச்சு, பாலீஷ் போட்டா ஷோரூம் பளபளப்பு! சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கோடு தெரியும். சீட்டுக்கு அடியில இருக்கிற தண்டவாளத்துல துரு இருக்கா? மிதியடியைத் தூக்கினா முக்குற வாடை வருதா? இந்த வண்டிகள்ல ஒவ்வொரு மூலையிலயும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு, தண்ணி பட்டா ஒவ்வொண்ணா சாகும். எல்லாம் ஒரே நாள்ல செத்தாக்கூட நிம்மதி. இது மாசத்துக்கு ஒண்ணு!

கிலோமீட்டரும் அப்படித்தான். மீட்டர்ல 48,000-னு இருந்தா நம்பிடாதீங்க. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், சாவினு வேற இடங்கள்லயும் அந்தக் கணக்கு பதிவாகும். ஸ்கேனர் வெச்சிருக்கிற ஆளை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டையும் ஓனரை விட்டே எடுத்துத் தரச் சொல்லுங்க. பல்லைக் கடிச்சாருன்னா புரிஞ்சுக்கலாம்.

காசு கைமாறுற இடத்துல ரெண்டு விஷயம். டீலர்கிட்ட வாங்கினா, பழைய காருக்கான 18 சதவிகித ஜி.எஸ்.டி அவரோட லாபத்துக்குத்தான், முழு விலைக்கு இல்லை. 12 லட்சத்துக்கும் 18 போட்டு பில் நீட்டினா எந்திரிச்சு நில்லுங்க. தனி ஆள்கிட்ட வாங்கினா அதுவும் கிடையாது. அப்புறம் ஃபார்ம் 29, 30. வண்டி மேல லோன் இருந்திருந்தா ஃபார்ம் 35-ம் வங்கி என்.ஓ.சி-யும். கட்டாத அபராதம் இருக்கானு பரிவாஹன் சைட்டுல பார்த்துடலாம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள பேர் மாத்த எழுதிக் கொடுக்கணும்.

இதுல நான் ரொம்ப பயப்படுறது வாங்குறதுக்கு இல்லை, வீட்ல இருக்கிற பழைய காரைத் தள்ளி விடுறதுக்கு! "சாவியைக் கொடுங்க சார், பேரை நான் மாத்திக்கிறேன்"னு எடுத்துட்டுப் போவான். மாத்த மாட்டான். 2018 பிப்ரவரியில, நவீன் குமார் - விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: ஆர்.சி-யில பேர் யாருடையதோ அவர்தான் ஓனர், வித்துட்டேன்னு சொன்னாலும் விபத்து நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருக்குத்தான். அந்த வழக்குல வண்டி அடுத்தடுத்து பல கை மாறியிருந்தது. ஆனாலும் மாட்டினது ஆர்.சி-யில பேர் இருந்தவர்தான். அப்பா பேர்ல இருக்கிற கார் எங்கேயோ யாரையோ இடிச்சா, நோட்டீஸ் வர்றது உங்க வீட்டு வாசலுக்கு.

மாமா மனசுல இன்னொரு பிளானும் ஓடும். "முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டா டியூ கட்டிடலாம்டா!" வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுறது பர்மிட் விதிமீறல். அந்த நேரத்துல இடிச்சா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான்.

என்னைக் கேட்டா? மூணு, நாலு வயசு, ஒரே ஓனர், தமிழ்நாட்டு நம்பர், முழு சர்வீஸ் ரெக்கார்டு, மிச்சமிருக்கிற வாரன்ட்டி. இது அத்தனையும் இருந்து, வாங்கின பிறகும் முதல் வருஷ ரிப்பேருக்கு ரெண்டு, மூணு லட்சம் தனியா பேங்க்ல தூங்குமானா, தாராளமா வாங்கட்டும். ஓட்டினா சுகமான வண்டிதான், அதுல பொய் இல்லை. மொத்தக் கையிருப்பே 12 லட்சம்னா பத்து வயசு ஜெர்மன்காரன் வேண்டாம். அந்தக் காசுக்குப் புதுசாவே வாரன்ட்டியோட ஒரு சின்ன எஸ்யூவி வரும். நாலு வளையம் இருக்காது, அவ்ளோதான்.

இதெல்லாம் சொல்லியும் "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டாவது வருவோம்"னு மாமா கிளம்புவார். கூடப் போங்க. காலையில சொல்லாம கொள்ளாம போங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானட் மேல கையை வைங்க. சூடா இருந்தா, சத்தம் அடங்குற வரைக்கும் அவர் ஏற்கெனவே ஓட்டி வெச்சிருக்கார்னு அர்த்தம். "நாளைக்கு வர்றோம் சார்"னு சொல்லிட்டு மாமாவை டீக்கடைப் பக்கம் தள்ளிட்டுப் போயிடுங்க.