கோடு போட்டால் பாதை ஆகிவிடுமா?

மண்ணூர்பேட்டையில் மலை கிடையாது. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் பாடி, நடுவில் லாரியும் ஷேர் ஆட்டோவும் நெரியும் சாலை. சுற்று வட்டாரத்தில் உயரமான இடம் பாடி மேம்பாலம்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் நாலு பையன்கள் ஒரு செல்போனைச் சுற்றித் தலை கவிழ்ந்து உட்கார்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கூறு போட்டுக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். கஷ்டமான கற்பனை ஒன்றும் இல்லை. சென்னையின் எந்தப் பேட்டையிலும், எந்தக் கல்லூரி கேன்டீனிலும் இந்தக் காட்சி நடக்கக்கூடியதுதான்.

"குரங்கணியில ஏறுறோம். கொழுக்குமலை. அங்கேருந்து மீசைப்புலிமலை. அப்படியே முகட்டைப் பிடிச்சு டாப் ஸ்டேஷன், வந்தரவு. கொடைக்கானல்ல இறங்குறோம். நாலே நாள். பாதையே வேணாம் மச்சி!"

மீசைப்புலிமலை 2640 மீட்டர். வந்தரவு 2553 மீட்டர். "ஆனைமுடி 2695 ஆச்சே, அதையும் சேர்த்துக்க" என்று ஒருவன் சொல்வான். விரல் திரையில் ஓடும். ஒரு கோடு விழும். திட்டம் தயார்!

இதற்குப் பெயர் திட்டம் இல்லை, ஆசை. ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. அதைத் திட்டம் என்று நம்பி இரவு பஸ் ஏறுவதில்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

வரைபடம் சொல்லாதது

முதலில் அந்தக் கோட்டை எடுத்துக்கொள்வோம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் சம உயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. அப்படியென்றால் 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடலாம். 15 மீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்து மாடி. வரைபடத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஐந்து மாடி உயரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். செயற்கைக்கோள் படம் பச்சையைக் காட்டும். அது முழங்கால் புல்லா, ஆள் உயரப் புல்லா என்று காட்டாது.

அடுத்தது நேரம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர். ஏற்றத்துக்கு 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 15 கிலோமீட்டரும் 1200 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு 3 + 2 = 5 மணி நேரம். இது நல்ல பாதையில், நல்ல வானிலையில், ஓய்வே எடுக்காமல் நடப்பவருக்கான கணக்கு. முதுகில் சுமை, காலடியில் பாதை இல்லை, எதிரே புல் என்றால் இது இரண்டு மடங்கு ஆவது சர்வ சாதாரணம். பத்து மணி நேரம்! பகலே பன்னிரண்டு மணி நேரம்தான்.

மூன்றாவது தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்குப் பதினாறு லிட்டர், அதாவது பதினாறு கிலோ. முகட்டில் ஊற்று இருக்காது. நீர் பிறப்பது மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலைக்காடுகளில். யானையும் காட்டெருமையும் வருவதும் அங்கேதான். தண்ணீருக்காகக் கீழே இறங்கி மறுபடி முகடு ஏறும் நேரம் யாருடைய கோட்டிலும் இல்லை.

"வெளிநாட்டில் போகிறார்களே"

போகிறார்கள். எப்படிப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் ஸ்டீவ் ரோப்பர் என்பவர் வகுத்த சியரா ஹை ரூட் மிகவும் பேர் போனது. ஏறக்குறைய 195 மைல், பெரும்பகுதி பாதையே இல்லாத நடை. அவருடைய புத்தகம் 1982-ல் வந்தது. அந்த வழி சிகரத்துக்குச் சிகரம் தாவுவதில்லை. மரங்கள் முடிகிற உயரத்தை ஒட்டி, கணவாய் கணவாயாகப் போகிறது. கயிறு இல்லாமல் கடக்க முடிய வேண்டும், தண்ணீர் கிட்டத்தில் இருக்க வேண்டும், விட்டுவிட்டு இறங்க வழி இருக்க வேண்டும். பாதையை வேண்டாம் என்று சொன்னவரே இவ்வளவு யோசித்திருக்கிறார். அவர் அந்த மலைகளில் பல வருடம் சுற்றிய பாறையேற்றக்காரர். டீ ஆறுவதற்குள் கோடு போட்டவர் இல்லை.

பாதை என்றால் கோழைகளுக்கு என்று ஒரு இளக்காரம் இருக்கிறது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழியை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது. நடுவில் இருந்த நிலையத்தின் பெயரே சென்ட்ரல் ஸ்டேஷன். சுமை தூக்கியவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் முதுவர் பழங்குடியினரும் தலைமுறை தலைமுறையாக நடந்த மலை அது. எங்கே நீர், எங்கே சரிவு, எந்த மாதம் ஆகாது என்ற அறிவெல்லாம் அவர்கள் காலால் எழுதி வைத்திருப்பது. அதை ஒதுக்கிவிட்டு நடப்பவருக்கு அதே அறிவு வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். செல்போனிலிருந்து வராது.

2018 மார்ச் 11

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் புல்வெளித் தீயில் சிக்கின. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்தது. முதலில் ஓடிவந்து தூக்கியவர்கள் உள்ளூர் மக்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனையில் நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி, கடைசியில் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் உண்டு.

அவர்கள் போனது ஊர் அறிந்த வழி. ஒரே இரவுப் பயணம். அதற்கே இந்தக் கதி. சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. தீக்கு மேலே நிற்கும் மனிதனால் அதை ஓடி ஜெயிக்க முடியாது. காய்ந்த புல் நிற்கும் மார்ச் மாதத்தில் முகடு முகடாக நாலு நாள் நடக்க நினைப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான். மூன்றாம் நாள் மதியம் கீழே புகை தெரிந்தால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள்? கோட்டில் அந்தப் பக்கம் இருக்கிறதா?

வனத்துறைக்கும் பங்கு உண்டு

பழியை எல்லாம் பையன்கள் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. குரங்கணிக்குப் பிறகு உரிய அனுமதி இல்லாமல் போனார்கள் என்று அரசு சொன்னது. ஒரு வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். விசாரணை நடந்தது, அதே வருடம் மலையேற்றத்துக்கு விதிகளும் வந்தன. ஆனால் 40 வழிகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது 2024 அக்டோபரில். நடுவில் ஆறு வருடம்! உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்தது நல்ல காரியம். தீக்காலத்தில் மூடுவதும் சரியே. கட்டணம் அதிகம் என்ற புகாரிலும் நியாயம் இருக்கிறது.

இந்த மலைகளில் இரண்டு மாநிலங்களும் பல சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் குறுக்கே வருகின்றன. ஆனைமுடி இருப்பது 1978-ல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில், வரையாடுகளின் வீட்டில். 1972-ம் வருட வன உயிரினச் சட்டம் நுழைவைக் கட்டுப்படுத்துகிறது, அனுமதி தரவும் வழி வைத்திருக்கிறது. அந்த வழி சாமானியனுக்குத் திறக்காதவரை, கேட்டால் கிடைக்காது என்று நினைப்பவன் கேட்காமலே போவான். எது மூடியிருக்கிறது, ஏன், எந்த மாதம் வரை என்று தெளிவாகத் தமிழில் ஒரு பக்கம் வெளியிட்டால் எத்தனையோ கோடுகள் டீக்கடையிலேயே அழிந்துவிடும்.

பின்னாலிருந்து ஆரம்பிக்கட்டும்

திட்டம் போடுபவர்கள் சிகரத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் மூலக் கோளாறு. ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு கட்டத்திலும் இறங்கும் வழியை முதலில் எழுதட்டும். அடுத்து தண்ணீர். அடுத்து மாதம். அடுத்து அனுமதி. அடுத்து, குழுவில் மிகவும் மெதுவாக நடப்பவரின் வேகம். இவ்வளவும் எழுதிய பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில் சிகரம் வந்தால் ஏறலாம். வராவிட்டால் விட்டுவிடலாம். இந்தக் கணக்கில் ஐந்து சிகரம் ஒன்றாகக் குறையும், நாலு நாள் இரண்டாகும். குறையட்டும். நண்பர்களிடம் காட்ட ஐந்து சிகரம் அழகாக இருக்கும்தான். ஆனால் மண்ணூர்பேட்டையில் வீட்டு வாசலில் காத்திருக்கும் அம்மாவுக்கு எத்தனை சிகரம் என்ற கணக்கு தேவையில்லை. போன நாலு பேரும் திரும்பி வந்தார்களா என்பதுதான் அவர் கணக்கு.