நம்பிக்கைக்கும் ஓர் எல்லை வேண்டும்



புதுக்கோட்டை அம்மன் காசைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். 1948-இல் இந்தியாவுடன் இணையும்வரை சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையின் சொந்தச் செப்புக்காசு அது. சமஸ்தானத்துக் கடையில் அது செல்லும். மதுரைக் கடைக்காரர் அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முத்திரை உண்மையானதுதான், ஆனாலும் அதற்கு ஓர் எல்லை இருந்தது.

இணையத்திலும் இத்தகைய முத்திரைகள் உண்டு. ஒரு வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். வந்திருப்பது வங்கிதானா, வேடமிட்ட திருடனா? அதைக் காட்ட, தளம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. தளத்தின் பெயர், அதன் பொதுத் திறவுகோல், காலாவதித் தேதி, வழங்கியவரின் மின்கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். யார் யார் கையொப்பத்தை ஏற்கலாம் என்ற பட்டியல் கணிப்பொறியில் முன்பே உள்ளது. கையொப்பம் அதில் அடங்கினால் கதவு திறக்கும்.

இங்கேதான் ஆபத்து. பொதுவாக, பட்டியலில் உள்ள எவரும் எந்தத் தளத்துக்கும் சான்று தர முடியும்! 2014 ஜூலையில் நம் நாட்டிலேயே இது வெளிப்பட்டது. தேசியத் தகவலியல் மையத்தின் கையொப்பத்துடன், கூகுள், யாஹூ தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் உலவின. ஜூலை 2-இல் கூகுள் இதை அறிந்தது. மறுநாளே, சான்றளிக்கும் அமைப்புகளை மேற்பார்வையிடும் இந்தியக் கட்டுப்பாட்டு அலுவலகம், அம்மையத்தின் சான்றளிக்கும் உரிமையை ரத்துச் செய்தது. விண்டோஸின் பட்டியலில் இந்திய அலுவலகம் இருந்ததால் விண்டோஸ் கணிப்பொறிகள் ஏமாறக்கூடும். ஃபயர்ஃபாக்ஸின் தனிப் பட்டியலில் அது இல்லாததால் ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. பிறகு கூகுள் செய்ததைக் கவனியுங்கள்: இந்திய அலுவலகத்தின் வழிவரும் சான்றுகள் gov.in, nic.in, ac.in உள்ளிட்ட ஏழு முகவரித் தொகுதிகளுக்கு மட்டுமே தன் உலாவியில் செல்லும் என்று வரம்பு கட்டியது. அம்மன் காசைப் போலவே!

இனி மறுபக்கம். ஒரு மாவட்டத்தின் பள்ளிகள் எல்லாம் ஒரே மையக் கணிப்பொறிக்கு மதிப்பெண் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இப்போது மையமும் பள்ளியை அடையாளம் காண வேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சான்றிதழும் ஒரே ரகசியத் திறவுகோலும் கொடுத்தால் வேலை எளிது. ஆனால் ஒரு பள்ளியில் அத்திறவுகோல் திருடுபோனால், திருடன் எந்தப் பள்ளியின் பெயரிலும் நுழையலாம். அவனைத் தடுக்க எல்லாப் பள்ளிகளையும் நிறுத்த வேண்டும்!

எனவே, பள்ளிக்கு ஒரு சான்றிதழ் என்பதே என் கட்சி. மையம் தானே அதை வழங்கட்டும். உலகறிந்த நிறுவனம் தந்தது என்பதற்காக அயலார் சான்றுக்குக் கதவு திறக்க வேண்டாம். அறந்தாங்கிப் பள்ளியின் சான்று அறந்தாங்கி மதிப்பெண்ணை மட்டுமே தொடட்டும். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம்.

‘நூறு சான்றிதழைப் புதுப்பிப்பது யார்? ஒன்று காலாவதியானாலும் வேலை நின்றுவிடுமே!’ என்பார்கள். உண்மைதான், ஒரு பதிவேடும், அதற்குப் பொறுப்பான ஒருவரும் வேண்டும். ஆயினும் அந்த உழைப்பு, மாணவரின் மதிப்பெண்ணைக் காக்கும் காவற்கூலி.

அடுத்த முறை ஒரு தளத்தைத் திறக்கும்போது, முகவரிக்கு அருகிலுள்ள குறியைத் தட்டி, சான்று வழங்கியவர் யார், எந்த நாள்வரை என்று பாருங்கள். ‘இவரை நம்பலாமா?’ என்பதோடு நிற்காமல், ‘எதற்கு, எதுவரை?’ என்றும் கேட்டுப் பழகுங்கள்.